கூட்டக் குறிப்பில் ஏறாத 15 திருத்தங்கள்: எங்கள் ஊர் ஸ்கூல் போர்டுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்கூல் போர்டு உறுப்பினர்களுக்கு,

எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் மூன்று வாரம் நடந்துகொண்டிருந்த மாதிரி மாநாட்டை, அதாவது பிள்ளைகளே அந்தக் காலத்துப் பிரதிநிதிகளாகச் சாசனத்தை ஆதரித்தும் எதிர்த்தும் வாதாடி வாக்களிப்பதை, சென்ற மாதக் கூட்டத்தில் எடுத்துவிட்டீர்கள். 6 பேர் சரி என்றீர்கள், 3 பேர் வேண்டாம் என்றீர்கள். இனி அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்த கதை இரண்டு பீரியடில் முடிந்துவிடும். கூடவே ஒரு ஒர்க்‌ஷீட். அதை வாங்கிப் பார்த்தேன். மொத்தம் எட்டுக் கேள்விகள். எத்தனை மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்டது? முதலில் ஒப்புதல் தந்த மாநிலம் எது? சாசனத்தை ஆதரித்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எழுதியவர்கள் யார்? இப்படியே போகிறது. எதிர்த்து வாக்களித்தவர்களைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

அன்று பொதுமக்கள் பேசும் நேரத்தில் நானும் எழுந்து பேசினேன். மூன்று நிமிடம் கொடுத்தீர்கள். மணி அடித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை, விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அப்புறம் இரண்டு வாரம் கழித்து இணையத்தில் கூட்டக் குறிப்பு வந்தது. நான் பேசியதெல்லாம் அதில் ஒரே வரியாகியிருந்தது: "ஒரு குடியிருப்பாளர் பாடத்திட்டம் குறித்துப் பேசினார்." ஆதரித்துப் பேசினேனா, எதிர்த்தா, என்ன கேட்டேன், எதுவும் இல்லை. அதைப் படித்த அன்றுதான் இந்த மடலை எழுத முடிவு செய்தேன்.

இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக வருகிறது. தமிழிலும் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களில் பலர் போர்டு கூட்டத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அவர்களும் படிக்கட்டும் என்றுதான். இந்த மாநிலத்துக்கு இது புதிய வழக்கமும் இல்லை. 1787இல் புதிய அரசியல் சாசனம் வந்தபோது பென்சில்வேனியாச் சட்டமன்றம் அதை ஆங்கிலத்தோடு ஜெர்மன் மொழியிலும் அச்சிடச் சொன்னது. நியூயார்க்கில் டச்சு மொழிபெயர்ப்பு வந்தது. தனக்குப் புரியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படிச் சம்மதம் சொல்வார்?

என் மகள் சென்ற ஆண்டு இந்த மாநாட்டில் கலந்துகொண்டாள். அந்த மூன்று வாரத்தை நான் வீட்டிலிருந்து பார்த்தேன். மருந்துக் கிடங்கு ஒன்றில் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. குடியுரிமைத் தேர்வுக்காக 100 கேள்விகளை மனப்பாடம் செய்தபோது, ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எழுதியவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. ஹாமில்டன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். யாரோடு சண்டை போடுவதற்காக அந்த 85 கட்டுரைகளும் எழுதப்பட்டன என்று யோசித்ததே இல்லை. அதை எனக்குச் சொன்னவள் பதிமூன்று வயது மகள், இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது.

வகுப்பில் அவளுக்குக் கிடைத்த பாத்திரம், பென்சில்வேனியா மாநாட்டில் சாசனத்தை எதிர்த்த வில்லியம் ஃபிண்ட்லி. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து பிழைக்க வந்து, நெசவுத் தொழில் செய்து, மாநிலத்தின் மேற்குக் கோடியில் குடியேறியவர். எதிரணியில் ஜேம்ஸ் வில்சனாக அவளுடைய சிநேகிதி. வில்சனும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்தான், ஆனால் பெரிய வக்கீல். சுதந்திரப் பிரகடனத்திலும் புதிய சாசனத்திலும் கையெழுத்திட்டவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். வில்சன் பக்கம் இன்னொருவரும் இருந்தார்: மாநிலத் தலைமை நீதிபதி தாமஸ் மெக்கீன்.

சிவில் வழக்குகளில் ஜூரி விசாரணைக்கு, அதாவது சாமானியக் குடிமக்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் முறைக்கு, புதிய சாசனம் உத்தரவாதம் தரவில்லை என்பது எதிர்ப்பாளர்களின் பெரிய குறை. ஸ்வீடனில் ஜூரி முறை ஒழிந்தபோது அங்கிருந்த சாமானியர்களின் சுதந்திரமும் ஒழிந்தது என்று ஃபிண்ட்லி மாநாட்டில் சொன்னார். வில்சனும் மெக்கீனும் விடவில்லை. ஸ்வீடனில் ஜூரி எங்கே இருந்தது, ஆதாரம் காட்டுங்கள் என்றார்கள். சில நாள் கழித்து ஃபிண்ட்லி புத்தகங்களோடு வந்தார். அதில் ஒன்று பிளாக்ஸ்டோனின் சட்ட விளக்க நூல், அந்தக் காலத்தில் வக்கீலுக்குப் படித்த எவரும் தொட்டுத்தான் ஆக வேண்டிய புத்தகம். ஸ்வீடன் ஜூரி அதிலேயே இருந்தது. இரண்டு சட்டப் புலிகளுக்கு நெசவாளர் பாடம் எடுத்தார்! நான் மறந்த சட்டமே நீ படித்ததைவிட அதிகம் என்று முன்னொரு காலத்து வக்கீல் சொன்ன கதையைச் சொல்லி வில்சன் சமாளிக்கப் பார்த்தார்.

இதை வகுப்பில் நடத்திக் காட்ட என் மகள் நாலு மாலை நேரம் நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, ஸ்வீடன்ல ஜூரி இருந்துச்சுன்னு நிஜமாவே எழுதியிருக்கு!" என்று போனில் கத்தினாள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தை ஒரு பிள்ளை தானாகத் தேடிப் படிக்கிறாள். உங்கள் ஒர்க்‌ஷீட்டில் எந்தக் கேள்வி அவளை நூலகத்துக்கு அனுப்பும் என்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்பு வாக்கெடுப்பில் சாசனம் தோற்றது, 14க்கு 12. பிள்ளைகள் குதித்தார்களாம். பிறகு ஆசிரியர் நிஜத்தில் என்ன நடந்தது என்று சொன்னார். 1787 டிசம்பர் 12, ஆதரவு 46, எதிர்ப்பு 23. உடனே ஒரு பையன் கேட்ட கேள்வியை மகள் வீட்டில் வந்து சொன்னாள்: "அந்த 23 பேர் அப்புறம் என்ன ஆனாங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அந்த மூன்று வாரம் வேண்டியிருந்தது. நடந்தது நம் மாநிலத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிலடெல்ஃபியாவில் கதவை மூடிக்கொண்டு எழுதப்பட்ட சாசனம் 1787 செப்டம்பர் 17 அன்று கையெழுத்தானது. பதினோராவது நாளே, காங்கிரஸிடமிருந்து முறையான கடிதம் வந்து சேரும் முன்பே, பென்சில்வேனியாச் சட்டமன்றத்தில் ஒப்புதல் மாநாட்டைக் கூட்டத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சட்டமன்றத்தின் ஆயுள் முடிய ஒரு நாள்தான் பாக்கி. கிராமப்புற மக்கள் சாசனத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. எதிர்த்த 19 உறுப்பினர்கள் சபைக்கு வராமல் இருந்துவிட்டார்கள், கோரம் (சபை நடக்கத் தேவையான ஆள் எண்ணிக்கை) இல்லை. மறுநாள் காலை ஒரு கூட்டம் அவர்களில் இரண்டு பேரை, மெக்கால்மன்ட், மைலி என்பவர்களை, தங்கியிருந்த இடத்திலிருந்து இழுத்துவந்து சபையில் உட்காரவைத்தது. 44 பேர் இருந்த சபையில் இப்போது 46, கோரம் வந்துவிட்டது. அபராதம் கட்டிவிடுகிறேன், என்னை விடுங்கள் என்று மெக்கால்மன்ட் கெஞ்சிப் பார்த்தார். விடவில்லை. இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று பார்க்கிற, இன்டிபென்டன்ஸ் ஹால் என்ற அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தில்தான் இதெல்லாம் நடந்தது. நானும் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். பயபக்தியோடு.

அப்புறம் மாநாடு. கம்பர்லாந்து கவுன்டியிலிருந்து வந்த ராபர்ட் வைட்ஹில் கடைசி நாளில் 15 திருத்தங்களை முன்வைத்தார். மக்கள் இவற்றைப் படித்துப் பார்க்க அவகாசம் கொடுங்கள், அதுவரை மாநாட்டை ஒத்திவையுங்கள் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். பெரும்பான்மை மறுத்தது. அது அவர்கள் உரிமை என்றே வைத்துக்கொள்வோம், எண்ணிக்கை இருந்தது. ஆனால் அந்த 15 திருத்தங்களையும் மாநாட்டின் கூட்டக் குறிப்பில் சேர்க்கக்கூட மறுத்தார்கள். சில வாரம் கழித்து தாமஸ் லாய்ட் என்பவர் மாநாட்டு விவாதங்கள் என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் வில்சன் பேச்சும் மெக்கீன் பேச்சும் மட்டும் இருந்தன. இரு தரப்பையும் பத்திரிகையில் வெளியிட்டுவந்த அலெக்ஸாண்டர் டல்லஸுக்கு ஆசிரியர் வேலையே போனது.

ஒரே வரியில் என் பேச்சை முடித்த உங்கள் கூட்டக் குறிப்பு எனக்கு ஏன் உறுத்துகிறது என்று இப்போது புரிந்திருக்கும். என்னை வைட்ஹில்லோடு ஒப்பிட்டுக்கொள்ளவில்லை; அவ்வளவு பெரிய ஆள் நானில்லை. பழக்கம் ஒன்றுதான் என்கிறேன்.

தோற்ற 23 பேரில் 21 பேர் கையெழுத்திட்டு, டிசம்பர் 18 அன்று தங்கள் மறுப்பைச் செய்தித்தாளில் வெளியிட்டார்கள். கூட்டக் குறிப்பில் இடம் கிடைக்காத திருத்தங்கள் அப்படித்தான் அச்சேறின. மனசாட்சிச் சுதந்திரம், பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், சிவில் வழக்குக்கும் ஜூரி, ஆதாரம் இல்லாமல் வீட்டைச் சோதனை போடும் பொது வாரண்டுகளுக்குத் தடை, கொடூர தண்டனைக்குத் தடை. வேலி போடாத நிலத்தில் வேட்டையாடவும், படகு போகும் நீர்நிலைகளில் மீன் பிடிக்கவும் உரிமை என்று ஒன்றும் இருந்தது. இதைப் படித்தபோது வகுப்பே சிரித்ததாம். மான் வேட்டைக்காகப் பல பள்ளிகள் திங்கட்கிழமை லீவு விடும் மாநிலத்தின் பிள்ளைகளுக்கு அது புரியாதா?

வேட்டை உரிமை மட்டும் நிறைவேறவில்லை. மேலே சொன்ன மற்றவை எல்லாம் நாலே ஆண்டில், 1791 டிசம்பர் 15 அன்று, முதல் பத்துத் திருத்தங்களாகச் சாசனத்துக்குள் வந்துவிட்டன. இதுபோன்ற பட்டியல் எதுவும் தேவையே இல்லை என்று மேடை போட்டுப் பேசியவர் வில்சன். இன்று பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது அந்தப் பட்டியலைத்தான். கேட்டுவாங்கியவர்களின் பெயரைத்தான் ஒர்க்‌ஷீட்டில் காணோம்.

கூட்டத்தில் நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். நேரம் போதவில்லை என்றீர்கள். ஒத்துக்கொள்கிறேன், மூன்று வாரம் நிறையத்தான். இரண்டு வாரமாகச் சுருக்குங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே கை தூக்கியிருப்பேன்.

சாசனம் மோசமானது என்று சொல்லிக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வந்ததாக ஒரு பெற்றோர் புகார் செய்தார் என்றும், பள்ளி பிளவை வளர்க்கக் கூடாது என்றும் ஓர் உறுப்பினர் சொன்னார். அவருக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வகுப்பு மாநாடு முடிந்த அடுத்த மாதம் கார்லைலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போனோம், வைட்ஹில்லின் கவுன்டி ஆயிற்றே என்று. ஊர் நடுவே சதுக்கத்தில் நின்று மகள் எனக்கு விளக்கினாள். 1787 டிசம்பர் 26 மாலை, ஒப்புதல் கிடைத்ததைக் கொண்டாட ஆதரவாளர்கள் பீரங்கியும் தீமூட்ட விறகுமாக வந்தார்கள். எதிர்ப்பாளர்கள் தடியோடு வந்து அவர்களை அடித்து விரட்டி, பீரங்கி வண்டியைக் கொளுத்தினார்கள். மறுநாள் ஆதரவாளர்கள் ஆயுதத்தோடு திரும்பி வந்து கொண்டாடினார்கள். அது முடிந்ததும் எதிர்ப்பாளர்கள் வில்சன், மெக்கீன் இருவரின் உருவ பொம்மைகளைக் கொளுத்தினார்கள். சிலரைக் கைது செய்து சிறையில் வைத்தபோது, மார்ச் 1ஆம் தேதி சுற்றுவட்டாரத்திலிருந்து நூற்றுக்கணக்கான மிலிஷியாக்காரர்கள் (குடிமக்கள் படையினர்) ஊருக்குள் அணிவகுத்து வந்து அவர்களை விடுவித்துக்கொண்டு போனார்கள். சதுக்கத்தில் அன்று அமைதியாக ஒரு வண்டியில் ப்ரெட்ஸல் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மாசசூசெட்ஸில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே எதிர்ப்பு இன்னும் பலமானது. 1788 பிப்ரவரி 6 அன்று 187க்கு 168, மயிரிழை. ஆனால் அங்கே எல்லோரையும் பேச விட்டார்கள். சட்டன் ஊர்க்காரர் அமோஸ் சிங்கிள்டரி எழுந்து, இந்த வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் சேர்ந்து, யோனாவைத் திமிங்கலம் விழுங்கியதுபோல் எங்களைப் போன்ற சின்ன மனிதர்களை விழுங்கிவிடுவார்கள் என்றார். அடுத்து லேன்ஸ்பரோவிலிருந்து வந்த ஜோனதன் ஸ்மித் எழுந்தார். நானும் ஏர் பிடித்துப் பிழைக்கிறவன்தான், எங்கள் பக்கம் நடந்த கலகத்தைக் கண்ணால் பார்த்தவன், அராஜகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அதற்கு இந்தச் சாசனம்தான் மருந்து என்றார். விவசாயிக்கு விவசாயி சொன்ன பதில். கடைசியில் மாநாட்டுத் தலைவர் ஜான் ஹான்காக் 9 திருத்தங்களைப் பரிந்துரையாகச் சேர்த்து ஒப்புதல் கேட்டார். தோற்றவர்களில் சிலர் எழுந்து, நாங்கள் எதிர்த்தோம், தோற்றோம், இனி ஊருக்குப் போய் இதை ஏற்கும்படி மக்களிடம் சொல்வோம் என்றார்கள். அதற்குப் பின் முடிவெடுத்த மாநிலங்களில் மேரிலாந்தைத் தவிர எல்லாமே திருத்தங்களைச் சேர்த்தே அனுப்பின.

எதிர்ப்பைக் குறிப்பில்கூட ஏற்றாத மாநிலத்தில் பீரங்கி வண்டி எரிந்தது. எதிர்ப்பைக் காதில் வாங்கி எழுதி வைத்த மாநிலத்தில் தோற்றவர்கள் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். பிளவைப் பற்றிக் கவலைப்படும் உறுப்பினர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகளும் பார்த்தார்கள். சாசனம் மோசம் என்று முதல் வாரம் சொன்ன பிள்ளை மூன்றாம் வாரம் என்ன சொன்னது என்று அந்தப் பெற்றோரிடம் யாராவது கேட்டீர்களா?

என்னைக் கேட்டால், அந்தக் காலத்தில் நான் இருந்திருந்தால் ஸ்மித் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். சாசனத்துக்கு முன்பிருந்த அமைப்பில் காங்கிரஸால் வரி போட முடியாது. போரில் சண்டையிட்ட சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. இறக்குமதி வரி ஒன்று கேட்டபோது ரோட் ஐலண்ட் என்ற ஒரே ஒரு மாநிலம் முடியாது என்றதும் அதுவும் போயிற்று. அப்படியே நாட்டை நடத்தியிருக்க முடியாது. என் மகளுக்கு இதில் என்மேல் கோபம், இன்னும் அவள் ஃபிண்ட்லி கட்சிதான்.

எதிர்ப்பாளர்களிலும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் உண்டே, அவர்களை எதற்குக் கொண்டாட வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வர்ஜீனியா மாநாட்டில் பேட்ரிக் ஹென்றி, இந்தப் புதிய அரசு ஒருநாள் அடிமைகளை விடுவித்துவிடும் என்று சொல்லிப் பயமுறுத்தினார். இன்னொரு பக்கம், அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி, அவர்களை இறக்குமதி செய்வதை 1808 வரை தடுக்க முடியாதபடி பூட்டிவைத்தது ஆதரவாளர்கள் கொண்டுவந்த சாசனம். மாசசூசெட்ஸில் அந்தக் காரணத்துக்காகவே எதிர்த்து வாக்களித்தவர்களும் இருந்தார்கள். இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஆசிரியர் சொன்னதால் அல்ல, அவர்களே பேச்சுகளைப் படித்ததால். இதில் கொண்டாட்டம் எதுவும் இல்லை.

பெண்களுக்கு அந்த மாநாடுகளில் இடமே இல்லை. மெர்சி ஓட்டிஸ் வாரன் 1788இல் பெயர் போடாமல் சாசனத்தை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதினார். வெகுகாலம் அதை எல்பிரிட்ஜ் கெர்ரி என்ற அரசியல்வாதி எழுதியதென்றே எல்லோரும் நம்பினார்கள். அவர் பாத்திரத்தை ஏற்ற மாணவி, தனக்கு வாக்கு கிடையாது என்று தெரிந்ததும் வகுப்பின் பின்வரிசையில் நின்றபடியே தாளில் அச்சடித்த துண்டறிக்கைகளை மாநாட்டுப் பிரதிநிதிகளிடம் விநியோகித்தாளாம். அந்த யோசனை அவளுடையது. எந்தப் பாடப் புத்தகத்திலும் அது இல்லை.

இனி நான் கேட்பவை.

சென்ற மாத முடிவை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மறுபரிசீலனைக்கு வையுங்கள். மூன்று வாரம் முடியாதென்றால் குறைந்தது எட்டு வகுப்பு நேரமாவது மாநாட்டுக்கு ஒதுக்குங்கள். அதுவும் பென்சில்வேனியா மாநாடாகவே இருக்கட்டும்.

அந்த எட்டுக் கேள்வி ஒர்க்‌ஷீட்டைக் கொடுத்தே தீர வேண்டுமென்றால், 1787 டிசம்பர் 18 மறுப்பு அறிக்கையையும் வில்சனின் உரையையும் சேர்த்தே பிள்ளைகள் கையில் கொடுங்கள். இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன, போர்டுக்கு ஒரு டாலர் செலவில்லை.

இந்த மாநாட்டைப் பல ஆண்டுகளாக நடத்திவந்த ஆசிரியர்களை அழைத்துக் கேளுங்கள். முடிவெடுக்கும் முன் அவர்களில் ஒருவரையும் நீங்கள் கூப்பிடவில்லை.

கூட்டக் குறிப்பு எழுதும் முறையை மாற்றுங்கள். பொதுமக்கள் பேசினால், என்ன கேட்டார்கள், எதற்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு என்பதை இரண்டு வரியாவது எழுதுங்கள். எழுத்தில் கொடுப்பவர்களின் கடிதத்தை அப்படியே இணையுங்கள். சென்ற மாதக் குறிப்பில் என் பேச்சையும் திருத்தி எழுதுங்கள். எழுதி வைத்துப் படித்த தாள் என்னிடம் இருக்கிறது, பிரதி அனுப்பியிருக்கிறேன்.

இந்த மடலையும் அடுத்த கூட்டக் குறிப்போடு சேருங்கள். என் கோரிக்கையை ஏற்பதா, நிராகரிப்பதா என்பது வாக்கெடுப்பில் தெரியட்டும். அன்று மாலை பேசுவோர் பட்டியலில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். எனக்கு அடுத்த பெயர் என் மகளுடையது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா